ஆங்கில வகுப்பில் கேட்பது யார், பதில் சொல்வது யார்?

ஏழாம் வகுப்பு ஆங்கிலப் பாடவேளை. புத்தகத்தில் ஒரு படம்; ஒரு பையன் சைக்கிள் ஓட்டுகிறான். தமிழ்வழிப் பள்ளி எதிலும் நடக்கக்கூடிய உரையாடல் ஒன்றைப் பார்ப்போம்.

ஆசிரியர்: லுக் அட் தி பிக்சர். வாட் இஸ் தி பாய் டூயிங்?
மாணவர்: சைக்கிள் ஓட்டுறான் மிஸ்.
ஆசிரியர்: இங்கிலீஷ்ல சொல்லு, இங்கிலீஷ்ல.
மாணவர்: ஹீ ரைடிங் சைக்கிள்.
ஆசிரியர்: ஹீ இஸ் ரைடிங் எ சைக்கிள். வெரி குட். சிட் டவுன்.

அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஆசிரியர் படத்தைப் பார்க்கச் சொன்னார், கேள்வி கேட்டார், மொழியை மாற்றச் சொன்னார், பிழையைத் திருத்தினார், பாராட்டினார், உட்காரச் சொல்லிப் பேச்சை முடித்தும் வைத்தார். ஆறு செயல்கள். மாணவர் செய்தது ஒன்றே ஒன்றுதான்: பதில் சொன்னார், இரண்டு முறை.

நம் ஆங்கில வகுப்புகளின் அடிப்படைக் குறை இந்த ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கிறது. பத்தாண்டு ஆங்கிலம் படித்தவர் வேலையிடத்தில் ஒரு நாள் அவகாசம் கேட்கவும், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கவும் திணறுகிறார் என்றால் இலக்கணம் போதவில்லை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். கேட்பது, மறுப்பது, மன்னிப்புக் கோருவது, மாற்றுக் கருத்துச் சொல்வது, வாக்குக் கொடுப்பது ஆகிய எதையும் அவர் ஆங்கிலத்தில் ஒருமுறைகூடச் செய்து பார்த்ததில்லை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர் இருந்த வகுப்பில் அந்தச் செயல்கள் எல்லாம் ஆசிரியரின் கையிலேயே இருந்தன.

சொல்லும் செயலும்

பேசுவது என்பது ஏதோ ஒன்றைச் செய்வது என்பதை முறையாக விளக்கியவர் ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின். 1955-இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய உரைகள், அவர் மறைந்த பின் 1962-இல் நூலாக வந்தன. ஒரு கூற்றில் அவர் மூன்று அடுக்குகளைப் பிரித்துக் காட்டினார்: சொன்ன சொற்கள், அந்தச் சொற்களைக் கொண்டு பேசுபவர் செய்த செயல், அதனால் கேட்பவரிடம் ஏற்பட்ட விளைவு. “ஜன்னல் திறந்திருக்கு” என்று ஆசிரியர் சொல்கிறார். சொற்களைப் பார்த்தால் அது தகவல். செயல், மூடச் சொல்வது. விளைவு, ஜன்னலோரம் இருப்பவர் எழுந்து மூடுவது. “ஆமா மிஸ்” என்று சொல்லிவிட்டு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால், சொற்கள் போய்ச் சேர்ந்தன, செயல் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

ஆஸ்டினைத் தொடர்ந்த ஜான் சர்ல், பேச்சுச் செயல்களை ஐந்தாக வகுத்தார். உள்ளதை உரைப்பது, பிறரை ஏவுவது, தன்னைக் கட்டுப்படுத்தும் வாக்குக் கொடுப்பது, உணர்வைத் தெரிவிப்பது, சொல்வதாலேயே ஒன்றை நிகழ்த்திவிடும் அறிவிப்பு. “இன்னிக்கு நீதான் லீடர்” என்று ஆசிரியர் சொன்ன அந்த நொடியில் ஒருவர் லீடராகிவிடுவது ஐந்தாம் வகை. அதே வாக்கியத்தைப் பக்கத்து பெஞ்சுக்காரர் சொன்னால் ஒன்றும் ஆகாது. சொல்பவருக்கு அந்த அதிகாரம் இருக்க வேண்டும், இடமும் பொருந்த வேண்டும். வகுப்பறையில் இந்த ஐந்தும் நாள் முழுக்க நடக்கின்றன. யார் எதைச் செய்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

விடை தெரிந்த கேள்வி

சர்ல் 1969-இலேயே கேள்விகளை இரண்டாகப் பிரித்தார். தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது ஒன்று. கேட்கப்படுபவருக்குத் தெரியுமா என்று சோதிக்கக் கேட்பது மற்றொன்று. அதைத் தேர்வுக் கேள்வி என்றார். படத்துப் பையன் என்ன செய்கிறான் என்பது ஆசிரியருக்கும் தெரியும், வகுப்புக்கும் தெரியும். அதனால் மாணவரின் பதில் யாருக்கும் எந்தத் தகவலையும் தருவதில்லை. அது மதிப்பெண்ணுக்காகக் காத்து நிற்கும் பதில்.

1975-இல் சின்க்ளேரும் கூல்தார்டும் இங்கிலாந்து வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்து, வகுப்புப் பேச்சு மூன்று படிகளாகத் திரும்பத் திரும்ப வருவதைக் காட்டினார்கள். ஆசிரியர் தொடங்குகிறார், மாணவர் பதிலளிக்கிறார், ஆசிரியர் மறுபடி ஏதோ சொல்லி முடிக்கிறார். வகுப்புக்கு வெளியே இந்த மூன்றாம் படி எப்படி இருக்கும் என்று யோசித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தெருவில் ஒருவரிடம் “மணி என்ன?” என்று கேட்கிறோம், “ரெண்டரை” என்கிறார், “ரொம்ப நன்றி” என்கிறோம். “ரெண்டரையா, ரொம்பச் சரி” என்று யாரும் சொல்வதில்லை. சொல்கிற ஒரே இடம் வகுப்பறை.

தேர்வுக் கேள்வியே கூடாது என்பதில்லை. புதுச் சொல் புரிந்ததா என்று பார்க்கவும், முந்தைய நாள் பாடத்தை நினைவூட்டவும் அது வேண்டும். பாடவேளை முழுக்க அது மட்டுமே ஓடுவதுதான் கெடுதல். மாற்றுவதற்குப் பெரிய ஏற்பாடும் தேவையில்லை. “வாட் இஸ் தி பாய் டூயிங்?” என்று ஒருமுறை கேட்டபின் “ஹூ கம்ஸ் டு ஸ்கூல் பை சைக்கிள்? ஹவ் லாங் டஸ் இட் டேக்?” என்று கேட்கலாம். யார் சைக்கிளில் வருகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்பது ஆசிரியருக்கு உண்மையிலேயே தெரியாது. “டுவென்டி மினிட்ஸ் மிஸ்” என்று பதில் வந்ததும் “வெரி குட்” என்று சொல்ல வாய் வராது. “அவ்வளவு தூரமா? எந்த வழியா வர்ற?” என்றுதான் வரும், ஆங்கிலத்திலும். கேள்வி மாறினால் மூன்றாம் படியும் தன்னால் மாறிவிடும்.

கேள்வி வடிவில் வரும் வேறு செயல்களும் உண்டு. “அங்க என்ன சத்தம்?” என்றால் அமைதியாக இரு என்று பொருள், எந்த மாணவரும் சத்தத்தை வருணித்துப் பதில் சொல்வதில்லை. தமிழில் இது பழகிய வழக்கம். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்யும் “ஐ கேன் ஹியர் சம்படி டாக்கிங்” பலருக்கு வெறும் தகவலாகவே காதில் விழுகிறது. மறுபக்கமாகவும் நடக்கும். சின்க்ளேர், கூல்தார்டு பதிவில், ஆசிரியர் ஒரு குரல்பதிவைப் போட்டுக் காட்டியபோது ஒரு மாணவர் சிரித்தார். உச்சரிப்பைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பேசத்தான் ஆசிரியர் அந்தப் பதிவைப் போட்டிருந்தார்; அதனால் எதற்குச் சிரிக்கிறாய் என்று உண்மையாகவே கேட்டார். மாணவருக்கு அது அதட்டலாகக் கேட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லி அடங்கிவிட்டார். வகுப்பில் அதுவரை கேட்ட அத்தகைய கேள்விகள் எல்லாம் அதட்டலாகவே இருந்திருந்தால், உண்மையான கேள்விக்கும் அதே கதிதான்.

“அண்டர்ஸ்டுட்?” என்பது இன்னொன்று. அதற்கு “யெஸ் மிஸ்” தவிர வேறு பதில் கிடையாது, நாற்பது பேர் ஒரே குரலில் சொல்லிவிட்டு, பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரிடம் “என்ன பண்ணச் சொன்னாங்க?” என்று கேட்பார்கள். அந்தச் சொல் புரிதலைச் சோதிப்பதில்லை, அடுத்த வேலைக்குப் போகிறேன் என்று அறிவிக்கிறது. புரிந்ததா என்று தெரிய வேண்டுமானால், சொன்ன கட்டளையை மூன்று சிறு கேள்விகளாக உடைத்துக் கேட்க வேண்டும். எழுத வேண்டுமா, பேச வேண்டுமா? எத்தனை வாக்கியம்? தனியாகவா, ஜோடியாகவா? ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் பதில் வரும், தவறான பதிலும் வரக்கூடும். அதனால்தான் அது உண்மையான சோதனை.

பதின்மூன்று விநாடி

அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த நெட் ஃபிளாண்டர்ஸ் “மூன்றில் இரண்டு” என்ற கணக்கு ஒன்றைச் சொன்னார். வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது. இதை நம் 40 நிமிடப் பாடவேளைக்குப் பொருத்திப் பாருங்கள். பேச்சு நடப்பது ஏறத்தாழ 27 நிமிடம். ஆசிரியருக்கு 18 போக மாணவர்களுக்கு 9. வகுப்பில் 40 பேர் என்றால் தலைக்கு 13 விநாடி. அதிலும் பாதி “யெஸ் மிஸ்” என்ற கூட்டுக்குரல். ஐந்தே நிமிடம் ஜோடியாகப் பேச விட்டால் ஒவ்வொருவருக்கும் இரண்டரை நிமிடம் கிடைக்கிறது, அதாவது 150 விநாடி. சத்தமாக இருக்கும் என்ற தயக்கத்தை இந்தக் கணக்கோடு வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதும் இதில் சேரும். அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ 1974-இல் வெளியிட்ட கட்டுரையில், கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார் என்று காட்டினார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, கூடுதல் பேர் பேசினார்கள், மாணவர்களே கேள்வி கேட்பது கூடியது. அவர்கள் தாய்மொழியில் பதில் சொன்னவர்கள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவருக்கு மூன்று போதாது, ஐந்து தேவை. ஐந்து விநாடி மௌனம் ஆசிரியருக்கு நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்வதுதான் எளிய வழி. மாணவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தியதும் இன்னொரு மூன்று விநாடி விட வேண்டும். இரண்டாவது வாக்கியம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

“வெரி குட்” என்பதன் குழப்பம்

முதல் உரையாடலுக்குத் திரும்பினால், ஐந்தாம் வரியில் ஆசிரியர் இரண்டு செயல்களை ஒட்டிவிட்டார். பிழையைத் திருத்திச் சொன்னார், கூடவே பாராட்டினார். “ஹீ ரைடிங் சைக்கிள்” என்ற மாணவருக்கு எது போய்ச் சேரும்? பதில் சரி என்பது போய்ச் சேரும். விடுபட்ட “இஸ்” காற்றோடு போய்விடும்.

இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ராய் லிஸ்டரும் லைலா ரான்டாவும். கனடாவின் மாண்ட்ரியல் பகுதியில் பிரெஞ்சு மொழியில் பாடம் படிக்கும் தொடக்கப்பள்ளி வகுப்புகளைப் பதிவுசெய்து 1997-இல் வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் திருத்தியதில் 55 விழுக்காடு இப்படிப் பிழையை நீக்கித் திருப்பிச் சொல்லும் முறையில் இருந்தது. அதற்கு மாணவர் ஏதாவது எதிர்வினை காட்டியது 31 விழுக்காட்டில்தான். பதிலை மாணவரிடமிருந்தே வரவழைக்கும் முறையை ஆசிரியர்கள் 14 விழுக்காடுதான் பயன்படுத்தினார்கள். அதில் ஒவ்வொரு முறையும் மாணவர் எதிர்வினை காட்டினார். காரணம் தெளிவு. “ஹீ… ?” என்று இழுத்து நிறுத்தினால் அது ஒரு ஏவல், மாணவர் எதையாவது செய்தாக வேண்டும். திருப்பிச் சொல்வது அப்படி எதையும் கேட்பதில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இழுத்து நிறுத்துவதும் சரியாகாது. மாணவர் சைக்கிள் பஞ்சரான கதையை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவில் “ஹீ… ?” என்று மறித்தால் கதையும் போச்சு, துணிவும் போச்சு. அப்போது திருப்பிச் சொல்வதே நல்லது, பாராட்டை ஒட்டாமல். இலக்கணப் பயிற்சியில் இருக்கும்போது இழுத்து நிறுத்தலாம். மாணவருக்கு அந்த வடிவமே தெரியாது என்றால் இழுத்து நிறுத்துவது கொடுமை. நேராகச் சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

பாராட்டையும் பிரித்தே சொல்லலாம். சொன்ன விஷயம் பிடித்திருந்தால் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மொழி சரியாக இருந்தால் அந்த மொழிப் பகுதியைச் சுட்டி ஒரு வார்த்தை. வெறும் “குட்” இரண்டையும் சொல்வதில்லை.

பாடம் ஆங்கிலத்தில், மற்றதெல்லாம் தமிழில்

யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புகளை ஆராய்ந்து சுரேஷ் கனகராஜா 1995-இல் எழுதிய கட்டுரை நம் பக்கத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. பாடப்புத்தகத்தை ஒட்டிய பேச்சுக்கு ஆங்கிலமும், தனிப்பட்ட, இயல்பான பேச்சுக்குத் தமிழும் என்று வேலை பிரிந்திருந்ததை அவர் காட்டினார். அதட்டுவது, சிரிக்கவைப்பது, “சாப்பிட்டியா, ஏன் ஒரு மாதிரி இருக்க?” என்று விசாரிப்பது எல்லாம் தமிழில். இந்தப் பிரிவினையிலிருந்து மாணவர் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்: ஆங்கிலம் பாடத்துக்கானது, வாழ்வதற்கானது அல்ல என்று.

தமிழை வகுப்பிலிருந்து துரத்துவது இதற்குத் தீர்வாகாது. இரு மொழிகளுக்கிடையே மாறி மாறிப் பேசும் திறனுக்கே மதிப்பு உண்டு என்பது கனகராஜாவின் வாதம். அதோடு, தமிழில் அன்பாகப் பேசும் ஆசிரியரைத் தமிழ் பேசாதீர்கள் என்பது வகுப்பின் உயிரையே பிடுங்குவதாகும். செய்யக்கூடியது வேறு. உண்மையான செயல்களில் சிலவற்றை, வாரத்துக்கு ஒன்று என்ற அளவில், ஆங்கிலத்துக்கு மாற்றலாம். முதல் வாரம் நோட்டு விநியோகம்: கொடுப்பது, கேட்பது, நன்றி சொல்வது. அடுத்த வாரம் தாமதமாக வருபவர் காரணம் சொல்வது. “மே ஐ கம் இன் மிஸ்?” என்பது ஏற்கெனவே இப்படி உயிரோடு இருக்கும் ஒரு செயல், கதவருகில் நின்று அனுமதி கிடைத்தால்தான் உள்ளே வர முடியும் என்பதால் அது நிலைத்தது. அதே நிலைமையை மற்றச் செயல்களுக்கும் ஏற்படுத்திக் கொடுத்தால் போதும்.

லீவ் லெட்டர் என்னும் புதையல்

தமிழ்நாட்டில் பள்ளி முடித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் ஆங்கிலப் பத்தி ஒன்று உண்டு. “ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ஆம் அனேபிள் டு அட்டெண்ட் தி கிளாஸ். சோ கைண்ட்லி கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ். தேங்க்கிங் யூ.” மனப்பாடம் என்று இதை ஒதுக்கிவிடுகிறோம். நம் மாணவர்கள் முழுமையாகச் செய்து முடிக்கும் ஒரே ஆங்கிலக் கோரிக்கை இதுதான்.

ஷோஷனா புளும்-குல்காவும் சக ஆய்வாளர்களும் 1989-இல் வெளியிட்ட பன்மொழி ஆய்வில், ஒரு கோரிக்கையை அழைப்பு, மையக் கேட்பு, அதைத் தாங்கும் துணைக் கூற்றுகள் என்று பிரித்தார்கள். லீவ் லெட்டரில் மூன்றுமே இருக்கின்றன. “ரெஸ்பெக்டட் சார்” அழைப்பு. காய்ச்சல், துணைக் கூற்று. கேட்பதற்கு முன்பே வந்து வழி செய்கிறது. “கிராண்ட் மீ லீவ்” மையம். அதன் முன்னால் உள்ள “கைண்ட்லி” மையத்தை மென்மையாக்குகிறது. “ஃபார் டூ டேஸ்” எவ்வளவு என்று அளவு சொல்கிறது. நன்றி முடித்துவைக்கிறது.

இந்த உறுப்புகளைக் கரும்பலகையில் பிரித்தெழுதிவிட்டு, கடித நடையைக் கழற்றிப் பேச்சு நடையை மாட்டினால் புதுக் கோரிக்கை தயார். “எக்ஸ்கியூஸ் மீ மிஸ். ஐ வாஸ் ஆப்சென்ட் எஸ்டர்டே. குட் ஐ டேக் தி நோட்ஸ் ஹோம் டுடே? ஐ வில் பிரிங் தெம் டுமாரோ.” நான்கு வாக்கியம், நான்கு வேலை. கடைசி வாக்கியம் ஒரு வாக்கு. அது லீவ் லெட்டரில் இல்லாதது, கோரிக்கை நிறைவேறும் வாய்ப்பைக் கூட்டுவது.

கோரிக்கையை எவ்வளவு மென்மையாக்க வேண்டும் என்பதற்குப் பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மூன்று அளவுகோல்களைச் சொன்னார்கள்: கேட்கப்படுபவருக்கு நம்மீது உள்ள அதிகாரம், இருவருக்கும் இடையிலான நெருக்கம் அல்லது தொலைவு, கேட்கும் பொருளின் பாரம். ஆங்கிலம், மெக்சிகோவின் ட்செல்தால் மொழி, கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத் தமிழ் ஆகிய மூன்றின் தரவுகளை வைத்து அவர்கள் அந்தக் கோட்பாட்டைக் கட்டினார்கள். ஆகவே இது தமிழ் மாணவருக்கு அந்நியமான சரக்கு இல்லை. “ஒரு பேனா இருக்குமா?” என்று கேட்கும் எந்தப் பிள்ளையும் பேனா இருக்கிறதா என்று கணக்கெடுப்பதில்லை, தரச் சொல்கிறது. சுற்றிவளைத்துக் கேட்பதை அது ஏற்கெனவே அறியும்.

சிக்கல் வருவது வடிவத்தில். தமிழில் “நோட்ஸ் குடுங்க சார்” என்பதில் மரியாதை முழுவதையும் வினைச்சொல்லின் கடைசி அசை சுமக்கிறது. “கொஞ்சம்” சேர்த்தால் இன்னும் இளகும். அதையே “கிவ் நோட்ஸ் சார்” என்று ஆங்கிலத்தில் சொன்னால் அந்த அசை கழன்றுவிடுகிறது, மிஞ்சுவது வெறும் கட்டளை. மாணவர் மனதில் மரியாதை குறையவில்லை, சொல்லில் குறைந்துவிட்டது. தமிழறிந்த ஆசிரியர் இதைக் கண்டுகொள்வார். நேர்முகத் தேர்விலோ வெளியூர் வாடிக்கையாளரிடமோ பேசும்போது எதிரில் இருப்பவர் கண்டுகொள்ள மாட்டார். இங்கிதம் தெரியாதவர் என்று நினைப்பார். இலக்கணப் பிழையை மன்னிப்பவர்கள்கூட இதைப் பிழை என்றே உணராமல், ஆளின் குணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் இதன் ஆபத்து.

நாற்பது நிமிடத்தில் ஒரு பாடம்

கோரிக்கை என்ற ஒரே செயல், இரண்டு உரையாடல்களாகப் பலகையில்: தோழியிடம் பேனா கேட்பது, தலைமையாசிரியரிடம் விளையாட்டு மைதானம் கேட்பது. எதில் காரணம் முன்னால் வருகிறது, எது நீளம், ஏன் என்று மாணவர்கள் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம். இங்கே தமிழில் பேசினால் தப்பில்லை. யோசிப்பதற்குத் தமிழ், செய்வதற்கு ஆங்கிலம்.

பிறகு சீட்டுகள். ஒரு சீட்டில் மூன்று செய்திகள் மட்டும்: நீ யார், யாரிடம் கேட்கிறாய், என்ன வேண்டும். வசனம் எழுதிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அது வாசிப்புப் பயிற்சியாகிவிடும். ஜோடியில் இரண்டாமவருக்கு வேறு சீட்டு, முதலாமவர் பார்க்காதபடி: “உன்னிடம் பேனா ஒன்றுதான் இருக்கிறது”, “மைதானம் அன்று வேறு வகுப்புக்குக் கொடுத்தாகிவிட்டது” என்பதுபோல ஒரு முட்டுக்கட்டை. இந்த இரண்டாம் சீட்டு இல்லாத வகுப்புகளில் உரையாடல் “கேன் ஐ ஹேவ் யுவர் பென்? யெஸ், டேக் இட்” என்று நான்கு விநாடியில் செத்துவிடும். முட்டுக்கட்டை இருந்தால் மறுப்பு, மறுபடி கேட்பது, பேரம், ஏமாற்றம் என்று செயல்கள் அடுக்கடுக்காக வரும். பத்து நிமிடம், நடுவில் சீட்டை மாற்றி இரண்டு சுற்று.

அடுத்து இரண்டு ஜோடிகள் முன்னால் வந்து பேசும்போது, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று அறிவிக்காமல் பேச வேண்டும். கேட்பவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். தோழி என்று நினைத்தது தலைமையாசிரியர் என்று தெரியவந்தால், எந்தச் சொல்லால் அப்படி ஆயிற்று என்று வகுப்பே பேசும். நாற்பது பேரும் காதைத் தீட்டி வைத்திருக்கும் நேரம் இது ஒன்றுதான். இதற்கு எட்டு நிமிடத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். மிச்ச நேரத்தில் தங்கள் உரையாடலை எழுதிவைப்பார்கள்.

தவறாகப் போகும் இடங்கள் தெரிந்தவைதான். “குட் யூ ப்ளீஸ்” என்பதைக் கற்றதும் அதை எல்லோரிடமும் ஒட்டுவார்கள். உயிர்த்தோழியிடம் அழிப்பான் கேட்கவும் “குட் யூ கைண்ட்லி” வரும். அளவுக்கு மீறிய மரியாதை நெருக்கமானவரிடம் கோபம்போல ஒலிக்கும் என்பதை, வீட்டில் அண்ணன் திடீரென்று “வாங்க, போங்க” என்று தம்பியைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டால் போதும், புரிந்துகொள்வார்கள். இன்னொன்று, பாடப்புத்தகத்தில் வரும் வாக்கியப் பட்டியல். கேட்பதற்கு ஐந்து வாக்கியம், மறுப்பதற்கு ஐந்து என்று வரிசையாக இருக்கும். எது யாரிடம் என்று இருக்காது. பட்டியலை அப்படியே ஒப்பிக்கவிடாமல், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இதை யாரிடம் சொல்வாய் என்று ஒரு ஆளை எழுதச் சொல்ல வேண்டும்.

காரணம் சொன்னால் எதிர்த்துப் பேசுவதா?

ஆங்கிலத்தில் முழுமையான மன்னிப்புக்கு ஆய்வாளர்கள் ஐந்து உறுப்புகள் சொல்கிறார்கள். வருத்தச் சொல், காரணம், தவறு தன்னுடையது என்ற ஏற்பு, ஈடு செய்வதாகச் சொல்வது, இனி நடக்காது என்ற வாக்கு. எல்லாமே எல்லா இடத்திலும் தேவையில்லை. தவறின் கனத்தைப் பொறுத்தது. நம் மாணவரிடம் உள்ளது “சாரி மிஸ்” என்ற முதல் உறுப்பு மட்டும்.

இங்கே மொழியைவிடப் பழக்கம் குறுக்கே நிற்கிறது. “ஏன் லேட்?” என்று கேட்டால் தலைகுனிந்து நிற்பதுதான் மரியாதை, பஸ் வரவில்லை என்று விளக்கினால் அது எதிர்த்துப் பேசுவது என்று நாம் வளர்த்திருக்கிறோம். அதே இளைஞர் பின்னாளில் அலுவலகத்தில் ஏன் தாமதம் என்று கேட்கப்படும்போது மௌனமாக நின்றால், பொறுப்பற்றவர் என்ற பெயர் கிடைக்கும். வீட்டு வழக்கத்தைக் கைவிடச் சொல்வது ஆங்கில ஆசிரியரின் வேலையில்லை. இந்த மொழியில், இந்தச் சூழலில், காரணம் எதிர்பார்க்கப்படுகிறது என்று காட்டுவதும், சொல்லும் வாய்ப்பை வகுப்பிலேயே தருவதும் அவர் வேலை. அதற்கு ஆசிரியர் முதலில் “ஒய் ஆர் யூ லேட்?” என்பதை உண்மையான கேள்வியாகக் கேட்க வேண்டும். பதில் வந்ததும் “சரி, உட்காரு” என்று ஏற்க வேண்டும்.

கேத்லீன் பார்டோவி-ஹார்லிக்கும் சோல்தான் டோர்னியேயும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதில் கவனிக்கத்தக்கது. ஹங்கேரியில் ஆங்கிலம் படிப்பவர்களுக்கும், அமெரிக்காவில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கும் ஒரே காணொளிக் காட்சிகளைப் போட்டுக்காட்டினார்கள். சிலவற்றில் இலக்கணப் பிழை, சிலவற்றில் பேசும் முறைப் பிழை. தம் நாட்டிலிருந்து படித்தவர்களுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் இலக்கணப் பிழையே பெரிதாகத் தெரிந்தது. அமெரிக்காவில் இருந்தவர்களுக்குப் பேசும் முறைப் பிழையே பெரிதாகப் பட்டது. நாம் முதல் குழுவில் இருக்கிறோம். நம் சிவப்பு மையும் அங்கேதான் செலவாகிறது.

அளந்து பார்க்க

தன் வகுப்பில் நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள, மாணவர்களிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டுக் கைபேசியில் பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்தால் போதும். பாடத்தின் நடுப்பகுதியாக இருக்கட்டும். தொடக்கத்தில் வருகைப்பதிவு நேரத்தைத் தின்றுவிடும். கேட்டுக்கொண்டே ஒரு தாளில் இரண்டு பத்திகள்: ஆசிரியர், மாணவர். ஒவ்வொரு கூற்றுக்கும் அது செய்த வேலையை ஒரு சொல்லில் குறிக்க வேண்டும்: கேள்வி, ஏவல், பதில், பாராட்டு, மறுப்பு, விளக்கம் கேட்டல். பத்து நிமிடப் பதிவைக் குறித்து முடிக்க ஒரு மணி நேரம்வரை ஆகலாம். முடிந்ததும் பார்க்க வேண்டியவை மூன்று. மாணவர் தானாகத் தொடங்கிய கூற்றுகள் எத்தனை? ஆசிரியர் கேட்டவற்றில் விடை தெரியாத கேள்வி எத்தனை? பாராட்டுகளில் வெறும் “குட்” எத்தனை? அடுத்த மாதம் மறுபடி எடுக்கும்போது மூன்றில் ஒன்று மாறியிருந்தாலே வகுப்பின் ஓசை மாறியிருப்பது காதுக்குத் தெரியும்.

மதிப்பெண் தருவதிலும் இதற்கு இடம் வேண்டும், இல்லையேல் மாணவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். ஐந்து மதிப்பெண் பேச்சுத் தேர்வில் காரியம் நடந்ததா என்பதற்கு 2, ஆளுக்கும் பாரத்துக்கும் பொருந்தப் பேசினாரா என்பதற்கு 2, இலக்கணத்துக்கு 1 என்று பிரிக்கலாம். “யெஸ்டர்டே ஐ நாட் கம் மிஸ், குட் ஐ டேக் தி நோட்ஸ்?” என்றவருக்கு 4 கிடைக்கும். பிழையில்லாமல் “கிவ் மீ தி நோட்ஸ்” என்றவருக்கு 3, ஒருவேளை 2. முதல் தேர்வில் இந்த மதிப்பெண்கள் வகுப்பில் கேள்விகளைக் கிளப்பும். “நான் தப்பே இல்லாம சொன்னேன், எனக்கு ஏன் மிஸ் கம்மி?” என்று யாராவது எழுந்து கேட்டால், அதை ஆங்கிலத்தில் கேட்க உதவி செய்து, காத்திருந்து, காரணத்தைச் சொல்லுங்கள்.